கிடைத்த டேப்பை உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள்

1962இல் ஜமைக்கா சுதந்திரம் பெற்றபோது தலைநகர் கிங்ஸ்டன் ஆடியது ஸ்கா என்ற நடன இசைக்குத்தான். தாளத்தின் இடைவெளியில் கிட்டார் ‘சக் சக்’ என்று வெட்டும்; அதன் மேல் டிராம்போனும் சாக்ஸபோனும் ஏறி நிற்கும். 1966 வாக்கில் வேகம் தணிந்து அது ராக்ஸ்டெடி ஆகிவிட்டது. அதற்குள் ஃபெடரல், ஸ்டூடியோ ஒன் போன்ற ஒலிப்பதிவுக் கூடங்களில் பதிவானவை ஏராளம். எஞ்சிய டேப் ரீல்களில் பல, காற்றோட்டமில்லாத அறைகளில் கரீபியப் புழுக்கத்தைத் தின்றுகொண்டு கிடந்தவை.

அப்படி ஒரு ரீல் கையில் வந்தால் உடனே மெஷினில் மாட்டிக் கேட்கத்தான் தோன்றும். கேடு அங்கேதான் தொடங்குகிறது. நைந்த டேப் ஒரே ஒரு முறைதான் ஒழுங்காக ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு முறையைச் ‘சும்மா ஒரு தடவை’ கேட்பதற்குச் செலவழித்துவிட்டால் அப்புறம் பதிவு செய்ய எதுவும் மிஞ்சாது.

முதலில் மூக்குக்கு வேலை. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டேப், அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். வாடை இல்லாவிட்டால் ரீலை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவினால் அசிட்டேட். இருட்டாகவே இருந்தால் பெரும்பாலும் பாலியஸ்டர் என்ற வேறொரு பிளாஸ்டிக். அசிட்டேட் பட்டென்று ஒடியும், ஆனால் ஒடிந்த முனைகளைச் சேர்த்து ஒட்டிவிடலாம். பாலியஸ்டரோ ஒடியாமல் இழுபடும். இழுபட்ட இடத்தில் இருந்த இசையை மீட்க வழியில்லை.

இந்தச் சோதனையைச் செய்யாமல் தாண்டிப் போகிறவர்கள் செய்வதுதான் எனக்குத் தெரிந்து மிகக் கொடுமையான தவறு: டேப்பைச் சூடேற்றுவது. ‘பழைய டேப் ஒட்டினால் பேக் செய்’ என்று எங்கோ படித்திருப்பார்கள். அந்த வைத்தியம் 1970களிலும் 80களிலும் வந்த சில பாலியஸ்டர் டேப்புகளுக்கானது. அவற்றில் காந்தத் துகளைப் பிடித்து வைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். சுமார் 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் பசை தற்காலிகமாக இறுகும். சில வாரங்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஸ்கா காலத்து அசல் ரீல் அசிட்டேட்டாக இருந்து, அதை அதே சூட்டில் வைத்தால் சுருங்கி நெளிந்துவிடும். அதே பாடல்களை எழுபதுகளில் பிரதியெடுத்த டேப்புக்கு வேண்டுமானால் அந்தச் சூடு தேவைப்படலாம். பாட்டு எந்த வருடத்தது என்பதல்ல, டேப் எந்த வருடத்தது என்பதே கேள்வி. வீட்டு அடுப்பில் செய்யலாமா என்று கேட்காதீர்கள். கூடாது.

சரி, ஓட்டும் நேரம் வந்துவிட்டது. மெஷினில் டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அதில் தங்கிய காந்தத்தை நீக்கிவிட்டுத்தான் டேப்பை மாட்ட வேண்டும். அந்தக் காந்தநீக்கியை டேப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று சொல்ல வேண்டியதே இல்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். வேகமாகச் சுற்றுவதைத் தவிருங்கள். பழைய ஒட்டுகள் காய்ந்து விட்டுப் போயிருக்கும். ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு டேப்புக்கும் தனியாகச் சரிசெய்யுங்கள். அசல் மெஷின் எந்தச் சாய்வில் பதிந்ததோ அதே சாய்வு அமைந்தால்தான் டிரம்ஸில் உள்ள ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டின் ‘ட்ஸ்’ தெளிவாக வரும். இங்கே இழந்த கூர்மையை, பிறகு கம்ப்யூட்டரில் ட்ரெபிளை ஏற்றிச் சம்பாதிக்க முடியாது. வரும் ஒலியை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் அப்படியே சேமியுங்கள். எந்தச் சுத்திகரிப்பும் பிரதியில் மட்டும்.

சுத்திகரிப்பில் கை மிஞ்சுவதும் சாதாரணமாக நடக்கிறது. டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சலும் கிட்டாரின் வெட்டும் ஹை-ஹாட்டும் ஒரே மேல் ஸ்தாயியில் வாழ்பவை. இரைச்சலைத் துடைத்து எடுத்தால் கூடவே அந்த ‘சக்’கும் போய்விடும், எஞ்சுவது தண்ணீருக்குள் வாசித்தது போன்ற ஒன்று. அதைவிட இரைச்சலோடு கேட்பதையே நான் விரும்புவேன். அதேபோல, குரல் ஒரு ட்ராக்கிலும் இசைக்குழு இன்னொரு ட்ராக்கிலும் இருக்கும் ரீலை அப்படியே ஸ்டீரியோ என்று வெளியிட்டுவிடுகிறார்கள். கலக்கும்போது அளவைச் சரிபார்க்கப் பிரித்து வைத்தது அது. மக்கள் கேட்டது எல்லாம் ஒன்றாகக் கலந்த மோனோவில்தான்.

பெட்டி மேல் எழுதியிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்வது இன்னொரு சறுக்கல். பெரிய ஒலிபெருக்கிகளோடு நடனக் கூட்டங்களுக்கு இசைத்தட்டு ஓட்டிய கிங்ஸ்டனின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் போட்டியாளர்களுக்குத் தெரியக் கூடாதென்று அமெரிக்க இசைத்தட்டுகளின் லேபிளைச் சுரண்டிவிட்டு வேறு பெயரில் ஒலிக்கவிட்டவர்கள். ஸ்டூடியோ ஒன்னை நடத்திய காக்சன் டாட்டும் அவர்களில் ஒருவர். அந்த ஊரிலிருந்து வரும் பெட்டியில் உள்ள பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். காதால் உறுதிப்படாதவரை கேள்விக்குறியோடு இருக்கட்டும். பெட்டியையும் உள்ளே கிடக்கும் துண்டுச் சீட்டையும் எல்லாப் பக்கமும் படமெடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் வினிகர் வாடை அடிக்கும் ரீலை மற்றவற்றோடு அடுக்க வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி பக்கத்து ரீலையும் பிடித்துக்கொள்ளும்.