கண்ணாடியில் ஒட்டிய ரயில் நிலையம்

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தின் பழைய புகைப்படம் அது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் ஏறத்தாழ 240 அடி அகலத்துக்கு வளைந்து நிற்கும் 1868ஆம் ஆண்டின் இரும்புக் கூரைக்காகவே வாங்கினேன். ஒரு குளிர்காலம் கழிந்ததும் படத்தில் அந்தக் கூரையின் ஓரத்தில் ஈரத்திட்டு. படம் கண்ணாடியோடு ஒட்டத் தொடங்கியிருந்தது. சட்டம் போட்டவர் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளியே விடவில்லை.

பிய்த்தெடுக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, கண்ணாடி வழியாகவே முதலில் ஒரு பிரதி எடுத்தேன். பின்பலகையைக் கழற்றி உலர்ந்த அறையில் வைத்தேன். இரண்டாம் நாள் ஓரம் தானாகவே விட்டது. ஒட்டு பலமாக இருந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன்.

பழுப்பேறிய அட்டைக்குப் பதில் அமிலமற்ற தடித்த அட்டையில் படம் தெரிய ஜன்னல் வெட்டி, கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே பொருத்தினேன். படத்தை ஒட்டச் செல்லோடேப் கிடையாது, மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும்தான். ஈரம் ஊறும் வெளிச்சுவரிலிருந்து உள்சுவருக்கும் மாற்றிவிட்டேன். நடைமேடையில் அசைந்துவிட்ட தொப்பிக்காரர் மட்டும் இன்னும் மங்கலாகவே நிற்கிறார்.