முதல்முறை வாலிபர் மாநாட்டுக்குப் போகிறீர்களா? ஐம்பது செல்ஃபி வேண்டாம், இரண்டு நண்பர்கள் போதும்

சபையில் பெயர் கொடுத்தாயிற்று. போதகர் ஜெபம் செய்து அனுப்புகிறார், அம்மா முறுக்கு டின்னைப் பெட்டிக்குள் திணிக்கிறார். சரி, அங்கே போய் என்ன செய்வது? அதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைப் பிரிவின் வாலிபர்களுக்கான உலக மாநாடு 1931இல் பிராகில் தொடங்கியது. 2013இல் நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூருக்கே வந்தது. எந்த ஊரில் நடந்தாலும் நம் மலேசியப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. கோலாலம்பூர்காரர்களும் பினாங்குகாரர்களும் ஒன்றாகப் போவார்கள், ஒன்றாக உட்காருவார்கள், ஒன்றாகவே சாப்பிடுவார்கள். கடைசி நாளில் பல நாட்டுக் கொடி பிடித்தவர்களோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். பிறகு படத்தில் பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால் பெயர் தெரியாது. என் யோசனை எளிது: ஒரு மாநாட்டுக்கு இரண்டே பேரைக் குறி வையுங்கள்.

படி 1: யார் வருவார்கள் என்று கொஞ்சம் படியுங்கள்

மியன்மாரில் 1813இலேயே அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் வந்து இறங்கினார். இன்று அங்கே கச்சின், சின், கரேன் இன மக்களிடையே பாப்டிஸ்ட் சபைகள் ஏராளம். வடகிழக்கு இந்தியாவின் நாகாலாந்து மக்களில் பெரும்பான்மையோர் பாப்டிஸ்டுகள், அவர்கள் மாநிலத்தின் ஆட்சிமொழி ஆங்கிலம். "இந்தியாவா, அப்போ தமிழ் தெரியுமா, இந்தி தெரியுமா?" என்று ஆரம்பித்தால் முதல் நிமிடத்திலேயே அவர் முகம் சுருங்கிவிடும். பிரேசிலில் பேசுவது போர்ச்சுகீஸ், ஸ்பானிஷ் அல்ல. இவ்வளவு தெரிந்தாலே போதும், தேர்வுக்குப் படிப்பதுபோல் படிக்க வேண்டாம்.

படி 2: வீட்டுப் பக்கத்திலேயே பழகிப் பாருங்கள்

எனக்குக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. பலர் இதைத் தாண்டி நேராக விமானத்தில் ஏறிவிடுகிறார்கள். கோலாலம்பூரில் புடு, இம்பி பக்கம் சின் அகதிக் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்கின்றன. அவர்களில் பாப்டிஸ்டுகள் நிறைய பேர், அவர்களுக்கென்று வாலிபர் கூட்டங்களும் உண்டு. எல்ஆர்டி ரயிலில் போய்வரும் தூரத்தில் இருப்பவர்களை விட்டுவிட்டு, பிரேசில்காரர்தான் வெளிநாட்டு நண்பர் என்று நினைப்பது எனக்குப் புரியவில்லை.

உங்கள் போதகர் வழியாக அவர்கள் சபைத் தலைவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். முதல் சந்திப்பிலேயே ஜெபக்கூட்டம் வேண்டாம், ஒரு ஃபுட்சால் ஆட்டம் போதும். கேள்விகளில் கவனம் தேவை. மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை, அகதிகளுக்கு இங்கே சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லை. ஆகவே "எங்கே வேலை?", "எப்போ ஊருக்குப் போவீங்க?" இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். "என்ன பாட்டு கேட்பீங்க?" என்று ஆரம்பிக்கலாம். சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். நீங்கள் போகும்போது எதையாவது வாங்கிக்கொண்டு போங்கள், ஆனால் அரிசி மூட்டையோடு போகாதீர்கள். அது உதவி, நட்பு வேறு.

படி 3: பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

கழுத்தட்டையைப் பார்த்துப் படிக்காமல் அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். கரேன் ஆண்கள் பெயருக்கு முன்னால் வரும் 'சோ', பெண்கள் பெயருக்கு முன்னால் வரும் 'நோ' எல்லாம் மரியாதை அடைமொழிகள், அதையே பெயர் என்று நினைத்துக் கூப்பிடாதீர்கள். உங்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து அவர்கள் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திருத்துங்கள்.

படி 4: பேச்சைத் தொடங்க ஒரு கேள்வி

"எங்கே ஞானஸ்நானம் எடுத்தீங்க? ஆற்றிலா, கடலிலா, சபைத் தொட்டியிலா?"

பாப்டிஸ்டுகளிடம் இந்தக் கேள்வி கட்டாயம் எடுபடும். விசுவாசித்து, தானே கேட்டு, தண்ணீரில் முழுக்கு எடுப்பதுதான் வழக்கம் என்பதால் அந்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் குளிர்ந்தது, போதகர் வழுக்கினார், பாட்டி அழுதார் என்று கதை தானாக வரும். (சிறு குழந்தையிலேயே தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றவரிடம் கேட்டால் பாவம், அவர் அம்மாவுக்குத்தான் போன் போட வேண்டும்.) ஆங்கிலம் தடுமாறினால் கவலை வேண்டாம், மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து நடுவில் வையுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லாதீர்கள்: "பாப்டிஸ்டுகள் அப்படிச் செய்ய மாட்டார்களே!" ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கொள்வது பாப்டிஸ்ட் மரபு. ஓரிடத்தில் பெண் போதகர் இருப்பார், இன்னோரிடத்தில் அதைக் கேட்டாலே கோபப்படுவார்கள். சிலர் ஆடிப் பாடி ஆராதிப்பார்கள், சிலர் கையைக்கூட உயர்த்த மாட்டார்கள். "உங்கள் சபையில் எப்படி?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

படி 5: சாப்பாட்டு மேசையில் பிரிந்து உட்காருங்கள்

நம் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: காலையும் மதியமும் ஆளுக்கொரு மேசை, இரவில் வேண்டுமானால் ஒன்றாக. அம்மாவின் முறுக்கு இங்கேதான் கைகொடுக்கும். நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் காரணத்தை இரண்டு வரியில் சொன்னால் போதும், அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

படி 6: படம் எடுக்குமுன் கேளுங்கள்

இதில் விளையாட்டு இல்லை. அகதிகளுக்கும், கிறிஸ்தவர்களை நெருக்கும் நாடுகளிலிருந்து வருபவர்களுக்கும் ஒரு படம் ஆபத்தாக முடியலாம். முகம், பெயர், இடம் மூன்றையும் சேர்த்து இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். அவர் சரி என்றாலும் ஊர் திரும்பிச் சேர்ந்த பிறகு போடுங்கள்.

படி 7: அவர்கள் நம் ஊருக்கு வந்தால்

பினாங்கின் பத்து ஃபெரிங்கியில் மலேசிய பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி இருக்கிறது, கொம்தாரிலிருந்து 101ஆம் எண் பேருந்து அந்தப் பக்கம் போகும். ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடக்க வையுங்கள். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணை தேவி கோயில், பள்ளிவாசல் எல்லாம் நடை தூரம். குவீன் தெரு மாரியம்மன் கோயிலும் பக்கத்தில்தான். அப்புறம் மாமாக் கடையில் ரோட்டி சானாயும் தே தாரிக்கும். தெருவில் துண்டுப்பிரசுரம் கொடுக்கும் உற்சாகம் சிலருக்கு இருக்கும். முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தை மலேசியாவின் பல மாநிலங்களில் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 8: திரும்பிய பிறகு

முதல் வாரத்திலேயே அந்த இரண்டு பேரையும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள், நூறு பேர் இருக்கும் குழுவில் கையாட்டுவது கணக்கில் வராது. நமக்குச் சனிக்கிழமை இரவு 9 மணி என்றால் நைஜீரியாவின் லாகோசில் மதியம் 2, பிரேசிலின் சாவோ பாலோவில் காலை 10. ஞாயிறு அதே நேரம் கூப்பிட்டால் சாவோ பாலோ நண்பர் ஆராதனையில் இருப்பார். மியன்மார் நண்பரிடமிருந்து பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அங்கே இணையம் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. செய்தியைப் போட்டு வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குத் தேதி அறிவித்ததும் முதலில் அவர்களுக்குச் சொல்லி, பதிவுப் படிவத்தில் ஒரே அறை கேட்டுப் பாருங்கள்.