சிங்கோனா பட்டையில் நான் பட்ட பாடு

போன வாரம் எங்கள் லேபில் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் அசைன்மென்ட் நீட்டினான். முதல் வரி: ‘இன்கா மக்கள் மலேரியாவுக்குச் சிங்கோனா கஷாயம் குடித்தார்கள்.’ சிங்கோனா தென் அமெரிக்க மரம்; அதன் பட்டையில்தான் மலேரியா மருந்தான குயினைன் இருக்கிறது. பதினெட்டு வருஷத்துக்கு முன் நானும் அச்சு அசலாக இதையே எழுதினேன். எழுத்துப் பிழை, தாவரப் பெயர்ப் பிழை எல்லாம் விட்டுவிடுகிறேன். அவற்றை எந்த வாத்தியாரும் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். மற்றவற்றைத்தான் யாரும் சுழிப்பதில்லை.

இன்காவையும் மலேரியாவையும் முடிச்சுப் போடுவது

ஐரோப்பியர்களும், அவர்கள் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களும் போய்ச் சேர்ந்த பிறகே தென் அமெரிக்காவில் மலேரியா பரவியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் அதற்கு முன் பட்டை எதற்கு? ஆண்டிஸ் மலையில் குளிரில் வெடவெடப்பவர்கள் நடுக்கம் அடங்க அதைக் குடித்தார்கள் என்று சொல்கிறார்கள். பொருந்தத்தான் செய்கிறது. குயினைன் தசையைத் தளர்த்தும். மலேரியாவிலும் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுமே, அதற்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்று லிமா நகரத்து ஏசு சபைத் துறவிகளுக்குத் தோன்றியிருக்கிறது. நடுக்கத்துக்குக் கொடுத்தது காய்ச்சலையே அடக்கியது. 1649இல் ரோமில் வெளியிட்ட மருந்துச் சீட்டில் இருப்பதும் கஷாயம் இல்லை. பட்டையைச் சலித்த தூளாக்கி, வெள்ளை ஒயினில் ஊறவைத்து, குளிர் நடுக்கம் வருவதற்கு முன்பே கொடுக்கச் சொல்கிறது. பட்டையின் சத்து வெறும் தண்ணீரில் சரியாக இறங்காது.

சீமாட்டி கதை

பெருவை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராயின் மனைவி சின்சோன் சீமாட்டி இந்தப் பட்டையால் காய்ச்சல் குணமாகி, பட்டையை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனாள் என்பார்கள். அவள் ஊர் திரும்பவே இல்லை. வழியில், 1641இல், இன்றைய கொலம்பியாவின் கார்தஹேனாவில் இறந்தாள். 1742இல் மரத்துக்கு அவள் பெயரை வைத்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ், அதிலும் (Chinchón, Cinchona) ‘h’ என்ற ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்.

பெயரை நம்பிப் பட்டை வாங்குவது

இதில்தான் என் கைக்காசு போனது. நினைத்தால் இன்றும் எரிகிறது.

லேப் மாதிரிப் பெட்டியில் சிங்கோனாப் பட்டை பூச்சி அரித்துப் போயிருந்தது. பழைய ஸ்பானியக் குறிப்புகளில், சிங்கோனா விளையும் லோஹா (இன்றைய எக்வடோர்) ஊர்க்காரர்கள் இதை ‘காஸ்கரில்லா’ என்றே சொல்வதையும், பட்டை உரிப்பவர்களுக்கே ‘காஸ்கரில்லேரோ’ என்று பெயர் இருப்பதையும் படித்திருந்தேன். மேதாவித்தனம் தலைக்கேறி, மூலிகை இறக்குமதி செய்யும் ஒருவரிடம் ‘காஸ்கரில்லா இரண்டு கிலோ’ என்று கேட்டேன். எட்டாயிரம் ரூபாய்.

பொட்டலம் வந்தது. விரல் பருமன் சுருள்கள், வெளியே சாம்பல் நிறம், அங்கங்கே பூஞ்சைப்பாசித் திட்டு. பாடப் புத்தகத்துப் படம் மாதிரியே இருந்தது. நாக்கில் வைத்தேன், கசந்தது. பிறகென்ன வேண்டும்! ஆனால் அறை முழுக்க ஒரு வாசனை. சிங்கோனாவுக்கு ஏது அவ்வளவு வாசனை? அட்டெண்டர் அண்ணன்தான் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்து, ‘சார், இது சாம்பிராணி மாதிரில்ல மணக்குது’ என்றார்.

அதன் பிறகே டெஸ்ட் டியூபில் தூளைப் போட்டுச் சூடாக்கினேன். சிங்கோனா என்றால் சிவப்புப் புகை எழுந்து கண்ணாடியில் படியும். படியவில்லை. வந்திருந்தது பஹாமாஸ் பக்கத்துக் குரோட்டன் எலுட்டீரியா, ஆமணக்குக் குடும்பம். ஒரு காலத்தில் புகையிலையில் மணத்துக்காகக் கலந்த பட்டை. சிங்கோனாவோ காபிக்கும் நம்மூர் நுணாவுக்கும் உறவு. போனில் சண்டைக்குப் போனேன். ‘நீங்க கேட்டது காஸ்கரில்லா சார். அனுப்புனதும் காஸ்கரில்லா.’ வாயை மூடிக்கொண்டேன். வியாபாரத்தில் அந்தப் பெயர் எப்போதோ குரோட்டனுக்குப் போய்விட்டது.

சிங்கோனாவின் இன்னொரு பழைய பெயரான ‘கினா-கினா’ என்று கேட்டிருந்தாலும் தப்பியிருக்க மாட்டேன். அது முதலில் பெரு பால்சம் என்ற வாசனைப் பிசின் தரும் மரத்தின் பெயர் என்றும், லோஹா பட்டை அதன் இடத்தில் விற்கப்பட்டுப் பெயரையும் எடுத்துக்கொண்டது என்றும் 1738இலேயே பிரெஞ்சு அறிஞர் லா கொண்டமின் எழுதிவிட்டார். வழக்குப் பெயரில் ஆர்டர் போடாதீர்கள். தாவரப் பெயரை இனத்தோடு எழுதிக் கொடுங்கள். பணம் கொடுக்குமுன் ஒரு சிட்டிகை வாங்கிச் சூடாக்கிப் பாருங்கள்.

சிவப்புதான் உசத்தி என்பது

இல்லை. 1860களில் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், சிங்கோனாவின் சிவப்புப் பட்டை இனம் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அதில் குயினைன் குறைவு. பொலிவியாவில் மானுவேல் இன்க்ரா மமானி என்ற உள்ளூர்க்காரர் பொறுக்கித் தந்த, குயினைன் மிகுந்த இனத்தின் விதைகளை ஆங்கிலேய வியாபாரி சார்லஸ் லெட்ஜர் 1865இல் பிரிட்டிஷாருக்குத்தான் முதலில் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். டச்சுக்காரர்கள் கொஞ்சம் வாங்கி ஜாவாவில் போட்டார்கள், உலகச் சந்தையே அவர்கள் கைக்குப் போனது.

வீட்டில் இடித்துக் குடிப்பது

கூடாது. காது இரையும், பார்வை மங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

டானிக் வாட்டர்

கொஞ்சம் குயினைன் கலந்த பானம். மருந்து இல்லை.