கதாபாத்திரம் நகர்கிறது, ஆனால் உயிர் இல்லையே: அனிமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கை உயர்கிறது, தலை திரும்புகிறது, கால் நடக்கிறது. எல்லாம் சரிதான், ஆனால் பார்த்தால் இயந்திரம் மாதிரி இருக்கிறது. டிஸ்னி அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் தொகுத்துக் கொடுத்த 12 கொள்கைகளையும் மனப்பாடமாகச் சொல்பவர்களுக்கும் இது நடக்கிறது. நான் பார்த்தவரை முதல் குற்றவாளி ஒன்றுதான்: எல்லா உறுப்புகளும் ஒரே ஃபிரேமில் கிளம்பி, ஒரே ஃபிரேமில் நின்றுவிடுகின்றன.

இரண்டு போஸுக்கு கீ (இந்த ஃபிரேமில் உடம்பு இப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பு) வைத்தால் நடுவில் இருப்பதை மென்பொருள் நிரப்பிவிடும். அதற்கு எலும்பும் தெரியாது, எடையும் தெரியாது. ஒரு சத்தம் கேட்டுத் திரும்புகிறவருக்குப் பெரும்பாலும் கண் முந்தும், அப்புறம் தலை, அதன் பிறகுதான் தோள். கையை வீசினால் தோள் முதலில், முழங்கை அடுத்து, மணிக்கட்டு கடைசி. இதைப் படித்துவிட்டு எல்லா மூட்டையும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டிரண்டு ஃபிரேம் தள்ளிவைப்பது அடுத்த தவறு; உடம்பு தண்ணீருக்குள் அலையும் பாசி போல ஆகிவிடும். விசை எங்கே பிறக்கிறதோ அந்த உறுப்புதான் முந்த வேண்டும். யாரோ கையைப் பிடித்து இழுத்தால் வரிசை தலைகீழ்: மணிக்கட்டு முதலில், தோள் கடைசி.

ஸ்பேஸிங்கிலும், அதாவது ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்கு உறுப்பு எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதிலும், இதே சோம்பல்தான். எல்லா கீயிலும் மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும் வளைவை (மென்பொருள் காட்டும் அசைவு கிராஃபை) அப்படியே விட்டுவிடுகிறார்கள். கீழே விழும் பந்து தரையைத் தொடும்போதுதான் அதிக வேகத்தில் இருக்கும்; அங்கே வேகத்தைக் குறைத்தால் பந்து மிதக்கும். நடையின் நடுப் போஸில் கிராஃப் தட்டையாகக் கிடந்தால், வீசும் கை ஒரு கணம் தயங்கி நின்று போகும்.

எடை விஷயம் இன்னும் நுட்பமானது. நாற்காலியிலிருந்து எழும் காட்சியில் பலர் இடுப்பை நேராக மேலே தூக்கிவிடுகிறார்கள். நிஜத்தில் அப்படி எழ முடியாது, வேண்டுமானால் இப்போதே முயன்று பாருங்கள். பாதம் பின்னால் வர வேண்டும், மார்பு முன்னால் சாய வேண்டும், எடை பாதத்தின் மேல் வந்த பிறகுதான் இடுப்பு கிளம்பும். ஆன்டிசிபேஷன் (முக்கிய அசைவுக்கு முன் வரும் ஆயத்த அசைவு) என்பது கார்ட்டூன் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஆர்க்கை, அதாவது அசைவு போகும் வளைந்த பாதையைப் பொறுத்தவரை, தலை திரும்பும்போது நடுவில் தாடை கொஞ்சம் தாழட்டும். ஐகே கை (மணிக்கட்டை நகர்த்தினால் முழங்கையும் தோளும் தானே பின்தொடரும் அமைப்பு) இரண்டு கீக்கு நடுவே நேர்கோட்டில் போகும் என்பதால் அதற்கு இடையில் ஒரு கீ தேவை. இரண்டு கைகளும் கண்ணாடிப் பிம்பமாக அசைவதையும் ஊன்றிய பாதம் தரையில் வழுக்குவதையும் பார்த்தவுடன் திருத்திவிடுங்கள். ஸ்குவாஷ் செய்யும்போது, அதாவது உருவத்தை நசுக்கும்போது, உயரம் குறைந்தால் அகலம் கூட வேண்டும், அவ்வளவுதான்.

சோதிக்க ஒரு வழி உண்டு. கைகளையும் முகத்தையும் மறைத்துவிட்டு, இடுப்பை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். அதில் எடை தெரியாவிட்டால் விரல்களைத் தொடாதீர்கள், இடுப்பையே மறுபடி செய்யுங்கள்.