வீட்டு இஸ்திரிப் பெட்டியால் டி-ஷர்ட்டில் எழுத்து ஒட்டுவது எப்படி?

ஒரே ஒரு டி-ஷர்ட்டில் பெயர் போட வேண்டும் என்றால் அச்சுக் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த ஒன்றுக்கு வீட்டிலேயே வழி இருக்கிறது: ஹீட் டிரான்ஸ்ஃபர் வினைல். சூடு பட்டதும் பசை இளகித் துணியைப் பற்றிக்கொள்ளும் மெல்லிய தாள் இது. ஏ4 அளவில் ஒன்று போதும். வண்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கர் வினைல் வேறு; அதை வாங்கி வந்துவிடாதீர்கள்.

சின்னச் சொல்லாக எடுங்கள். அப்பாவின் பிறந்தநாளுக்காக நான் எடுத்தது 'அப்பா'.

துணி

முழுப் பருத்தி பனியன் துணிதான் பழகுவதற்கு நல்லது. பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டைகள் சூட்டில் பளபளத்துத் தழும்பு விழும். புதுச் சட்டையை ஒரு முறை துவைத்துக் காயவையுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம், பசை பிடிக்காது.

திருப்பி வரைதல்

வினைலின் ஒரு பக்கம் பளபளப்பான தாங்குதாள்; வினைலைத் தாங்கி நிற்கும் இதைக் கடைசியில் உரித்துவிடுவோம். மறுபக்கம் மங்கல், அதில்தான் பசை. வரைவதும் வெட்டுவதும் மங்கல் பக்கத்தில். ஆகவே எழுத்து இடவலமாக மாறியிருக்க வேண்டும். பட்டர் பேப்பரில் தடித்த எழுத்தாக எழுதி, தாளைக் குப்புறப் போட்டு, அடியில் கார்பன் தாள் வைத்து நகலெடுங்கள்.

இங்கேதான் நான் சறுக்கினேன். 'ப' எந்தப் பக்கம் திருப்பினாலும் 'ப'தான். நடுவிலிருந்த இரண்டு ப-வையும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்தேன். 'அ'-வைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்றால் மட்டும் படிக்க முடிகிற அந்தச் சட்டையை அப்பா இன்றும் சவரம் செய்யும்போது போட்டுக்கொள்கிறார்.

வெட்டுதல்

பேப்பர் கட்டரில் புது பிளேடு போடுங்கள். வினைல் மட்டும் அறுபட வேண்டும், தாங்குதாள் அறுபடக் கூடாது. ஓரத்துத் துண்டில் நாலைந்து கோடு கீறிப் பார்த்தால் கைக்கு அளவு தெரிந்துவிடும். பிறகு வேண்டாத பகுதியை ஊசியால் கிளப்பி உரித்தெடுங்கள். 'அ'-வின் சுழிக்குள் இருப்பதை மறக்க வேண்டாம். 'ப்' மீதுள்ள புள்ளியைச் சுண்டைக்காய் அளவுக்காவது வரைந்திருக்க வேண்டும். அதைவிடச் சிறிதானால் உரிக்கும்போதே கூட வந்துவிடும்.

ஒட்டுதல்

நம் கை பெட்டியைப் பிடித்ததும் தேய்க்கத்தான் போகும். அந்தப் பழக்கத்தை மட்டும் கட்டிப்போட்டால் பாதி வேலை முடிந்தது. தேய்த்தால் எழுத்து நகரும், அழுத்தினால் ஒட்டும்.

மெத்தென்ற இஸ்திரி மேசை உதவாது, அழுத்தத்தை அது விழுங்கிவிடும். வீட்டில் மணைப்பலகை இருந்தால் அதைச் சட்டைக்குள் நுழைத்துத் தரையில் வையுங்கள் (பித்தளைக் குமிழ் பதித்தது வேண்டாம்). மண்டியிட்டு உடம்பின் பாரம் முழுவதையும் கொடுக்கலாம்.

பெரும்பாலான வினைலுக்கு 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் தேவை. இஸ்திரி அடையாளங்களில் இரண்டு புள்ளி என்றால் 150, மூன்று புள்ளி என்றால் 200 டிகிரி வரை. திருகை இரண்டைத் தாண்டி, மூன்றுக்கு முன்பாக நிறுத்துங்கள். நீராவி கூடாது, தொட்டித் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். பெட்டியின் விளக்கு அணைந்த பிறகே தொடங்குங்கள்.

முதலில் வெறும் துணியை ஐந்து விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். தாங்குதாள் மேலே இருக்கும்படி வினைலை வைத்து, மேலே பட்டர் பேப்பர். பெட்டியை வைத்து 15 எண்ணுங்கள். தூக்குங்கள், அடுத்த இடத்தில் வையுங்கள். அடித்தட்டின் நீராவித் துளைகளுக்கு நேராகச் சூடு படாது என்பதால் சற்றுத் தள்ளி இன்னொரு முறை.

தாங்குதாளைச் சூடாக உரிப்பதா, ஆறிய பிறகா என்பது உறையில் போட்டிருக்கும். ஒரு மூலையிலிருந்து மெல்லத் தூக்குங்கள். எழுத்தும் சேர்ந்து எழும்பினால் பதறாமல் படிய வைத்து இன்னும் 10 எண்ணுங்கள். நன்றாக ஒட்டிய வினைலைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் துணியின் இழையோட்டம் அதன் மேல் தெரியும். வழவழவென்று தனியாக நின்றால் இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள்.

ஒரு நாள் கழித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் துவைக்கலாம். கல்லில் அடிக்காதீர்கள். என்றாவது 'ப்' மீதுள்ள அந்தப் புள்ளி ஓரம் கிளம்பினால், பட்டர் பேப்பரைப் போட்டு மறுபடி 15 எண்ணுங்கள், உட்கார்ந்துவிடும்.