தகவல் கேட்டு மனு எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

10 ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டாமல் அனுப்புவது, கையெழுத்துப் போட மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. மனு ஒருமுறை திரும்பி வந்தாலே அவை புரிந்துவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. இன்றைக்கும் புதிதாக மனு எழுத வருகிறவர்கள் முதல் மனுவிலேயே செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

‘ஏன்’ என்று கேட்பது

பட்டாவில் பெயர் திருத்தக் கோரி ஒரு பெரியவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தார். நிராகரித்துவிட்டார்கள். உடனே தகவல் கேட்டு எழுதினார்: “என் மனுவை ஏன் தள்ளுபடி செய்தீர்கள்? இதற்கு யார் பொறுப்பு? அவர்மீது என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்?” கோபம் நியாயமானதுதான். 30 நாள் கெடு முடியும் தறுவாயில் ஒரே வரியில் பதில் வந்தது: தாங்கள் கோரியது பிரிவு 2(எஃப்)-ன்படி தகவல் அல்ல.

அந்த வரியை எழுதியவரைச் சட்டப்படி குறை சொல்லவும் முடியாது. இச்சட்டத்தில் தகவல் என்பது அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருப்பது. கேட்கிறவருக்காகக் கருத்தோ ஆலோசனையோ புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும் என்கிறதே பிரிவு 4(1)(டி) என்று சிலர் வாதாடுவார்கள். வாதம் சரி. ஆனால் அதைச் சாதிக்க தகவல் ஆணையம்வரை ஏறி இறங்க வேண்டும். அதுவரை நிலத்தின்மீது வங்கிக் கடன்கூட வாங்க முடியாது.

காரணம் எந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறதோ, அதன் நகலைக் கேளுங்கள். பெரியவரின் அடுத்த மனுவில், அவருடைய பழைய மனுவின் தேதியையும் ந.க. எண்ணையும் (அலுவலகம் கோப்புக்குத் தரும் எண்) குறிப்பிட்டு, அலுவலர்கள் தங்கள் கருத்தையும் முடிவையும் எழுதும் குறிப்புக் கோப்பு, வந்த மனுவும் இணைப்புகளும் இருக்கும் நடப்புக் கோப்பு, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, எழுத்தர் தன்னிடம் வரும் மனுக்களைப் பதியும் தன்பதிவேட்டில் அந்த மனு பதிவான பக்கம் ஆகியவற்றின் நகல் மட்டுமே கேட்டோம். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டியதும் வந்து சேர்ந்தன. குறிப்புக் கோப்பில், “மூலப் பத்திர நகல் இணைக்கப்படவில்லை; நிராகரிக்கலாம்” என்றிருந்தது. நடப்புக் கோப்பைப் புரட்டினால், மனுவுக்கு அடுத்த தாளே அந்தப் பத்திரத்தின் நகல்தான். மூலையில் அலுவலக முத்திரை வேறு. இல்லை என்று எழுதியவர்களே அதைப் படியெடுத்து, உண்மை நகல் என்று கையொப்பமிட்டு அனுப்பியிருந்தார்கள்! கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய அந்த இரண்டு தாள்கள் போதுமாயிருந்தன.

எதற்காகக் கேட்கிறோம் என்று விளக்குவது

தேவையில்லை. பிரிவு 6(2).

முதலமைச்சருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புவது

பெரிய இடத்துக்குப் போனால் வேலை நடக்கும் என்ற நினைப்பு. பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றிவிடுவார்கள். சுற்றிக்கொண்டு அதே வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் வரும்.

பதில் வரும் என்று காத்திருப்பது

30 நாளில் பதில் இல்லையென்றால் மறுத்ததாகவே கணக்கு. அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிட வேண்டும், கட்டணம் கிடையாது. அதே துறையின் மேலதிகாரிதானே விசாரிக்கப் போகிறார் என்று சலித்துக்கொண்டு பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அவர் ஒன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. இந்தப் படியைத் தாண்டாமல் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்ய முடியாது. அதற்குக் கெடு 90 நாள்.

மேல்முறையீட்டோடு, மனு போய்ச் சேர்ந்ததற்கான தபால் ஒப்புகை அட்டையின் நகலை மட்டும் இணையுங்கள். மூலத்தை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.