திருத்திய படம் எந்தக் கோப்புறைக்குப் போகிறது: கிம்ப், லைட்ரூம் கிளாசிக் பயன்படுத்துவோருக்கு

படத்தைத் திருத்தத் தொடங்கும் முன்பே கேமரா தந்த மூலப்படம், திருத்தம் நடக்கும் வேலைக்கோப்பு, திருத்தி முடித்த முடிவுப்படம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கோப்புறைகளை உருவாக்கிவிட வேண்டும். கேமராவிலிருந்து வந்த கோப்பின் மேல் வேறொன்றை எழுதிவிட்டால் அதை மீட்பது பெரும்பாலும் இயலாத காரியம் என்பதால், மூலக் கோப்புறைக்குள் வேறெதையும் சேமிக்கவே கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில், 2012இல் வந்த 2.8 பதிப்பு முதல், சேமிப்பதும் ஏற்றுமதி செய்வதும் (பிறர் பார்க்கும் வடிவில் புதிய படக்கோப்பாக எழுதுவதும்) வெவ்வேறு வேலைகள். 'சேவ்' கட்டளை அடுக்குகளோடு (லேயர்கள்) கூடிய, கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பை மட்டுமே தரும். ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜேபெக் படத்தைத் திறந்திருக்கும்போது அதே மெனுவில் தென்படும் 'ஓவர்ரைட்' என்பது மூலத்தின் மேலேயே எழுதிவிடும். அதன் பக்கம் போகாதீர்கள்.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். 'தேர்014' என்ற ஜேபெக் படத்தை மூலக் கோப்புறையிலிருந்து திறந்து ஏற்றுமதிக்குப் போனால், கிம்ப் அந்த மூலக் கோப்புறையையே முன்வைக்கும். எக்ஸ்சிஎஃப் கோப்பை வேலைக் கோப்புறையில் சேமித்து, மறுநாள் அதைத் திறந்து ஏற்றுமதி செய்தாலோ வேலைக் கோப்புறையை முன்வைக்கும். ஒரே படத்தின் முடிவுப் பிரதிகள் இரண்டு இடங்களில் சிதறுவது இப்படித்தான். இதைத் தவிர்க்க, ஏற்றுமதிச் சாளரத்தில் முடிவுக் கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி அதைப் புத்தகக்குறியாகச் சேர்த்துவிடுங்கள். அதன்பின் அது இடப்பக்கப் பட்டியலிலேயே நிற்கும், ஒவ்வொரு முறையும் தேடிப் போக வேண்டியதில்லை. கோப்புப் பெயரோடு 'தேர்014-அச்சு', 'தேர்014-இணையம்' என்று பயனையும் சேர்த்து எழுதுவது நல்லது. பிறகு திருத்தம் தேவைப்பட்டால் எக்ஸ்சிஎஃப் கோப்பையே திறக்க வேண்டும். ஜேபெக் படத்தைத் திறந்து திருத்தி மீண்டும் ஜேபெக்காகவே எழுதினால், ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக் மூலத்தைத் தொடுவதில்லை. திருத்தங்களைத் தன் கேட்டலாக் கோப்பில் குறித்துவைத்துக்கொண்டு, ஏற்றுமதியின்போதுதான் புதிய படத்தை உருவாக்குகிறது. ஏற்றுமதிச் சாளரத்தின் மேற்பகுதியில் குறிப்பிட்ட கோப்புறை, மூலம் இருக்கும் கோப்புறை, பிறகு தேர்ந்தெடுத்தல் ஆகிய வழிகள் உண்டு. நான் பரிந்துரைப்பது முதல் வழியை. நிகழ்ச்சியின் பெயரில் ஓர் உட்கோப்புறையையும் அங்கேயே கேட்டுப் பெறலாம். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 'எச்சரிக்காமல் மேலெழுது' என்பதை விட்டுவிட்டு, 'என்னைக் கேள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த அமைப்பை முன்னமைவாக (ப்ரீசெட்) சேமித்துக்கொண்டால் அடுத்த நிகழ்ச்சிக்கு உட்கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

மூலக் கோப்புறையை இடம் மாற்ற நேர்ந்தால், அதை லைட்ரூமின் கோப்புறைப் பலகத்துக்குள்ளேயே செய்யுங்கள். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் நகர்த்தினால் கேட்டலாக்கில் பழைய முகவரியே நிற்கும்; படங்கள் காணவில்லை என்று அது காட்டும்போது, அந்தக் கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி, காணாமற்போன கோப்புறையைக் கண்டறியும் கட்டளை வழியாகப் புதிய இடத்தைச் சுட்டினால், திருத்தங்கள் எதுவும் இழக்கப்படாமல் இணைப்பு சரியாகிவிடும்.